ஐந்தாவது டப்பா

காஷிஃபாவுக்குக் கையெழுத்து அழகு, வேலை சுத்தம். வாய் மட்டும் 'என் தப்பு' என்று லேசில் சொல்லாது. வாணியம்பாடி வீட்டில் அவள் உடைத்த டம்ளர்களுக்கெல்லாம் பூனைதான் பழி சுமந்தது. முப்பத்திரண்டு வயதில் ஜவ்வாது மலைப் பூங்கா ஒன்றில், வருகிற பிள்ளைகளுக்கு விளையாட்டு ஏற்பாடு செய்யும் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை ஜீப் ஏறி வந்தால் வெள்ளி வரை மலைவாசம்தான்.

ஜியோகேச்சிங் என்ற விளையாட்டை அங்கே கொண்டுவந்தவள் அவளே. டப்பாக்களை ஒளித்துவைத்து, போன் காட்டும் இட எண்களைக் குறித்துக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் போனைப் பிடித்துக்கொண்டு தேடிப் போவார்கள். நான்கு டப்பாக்களை இரண்டிரண்டு முறை நடந்து சரிபார்த்தாள். ஐந்தாவதை வேலியோரப் பலாமரத்தடியில் வைக்கும்போது தூறல் பிடித்துக்கொண்டது. இடம் முப்பது மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம் என்று போன் சொல்லத்தான் செய்தது. மழை விட்டதும் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எண்களை எழுதிக்கொண்டு ஓடினாள். மழை விட்டது. அவள் வரவில்லை.

அந்த எண்கள் வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து நிலத்துக்காரி பச்சையம்மாவின் சாமைக்காட்டுக்குள் விழுந்திருந்தன. புதன்கிழமை வந்த நாற்பது பிள்ளைகளும் வேலிச் சந்தில் புகுந்து, கிடைக்காத டப்பாவை அரைமணி நேரம் தேடினார்கள். காஷிஃபா அப்போது நான்காவது டப்பாவருகே கடலைமிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த பிள்ளைகளின் சாக்ஸில் சாமைக் கதிர் ஒட்டியிருந்ததைக் கண்டதும் ஓடிப்போய்ப் பார்த்தாள். வேலியோரமாக ஒரு துண்டுச் சாமை, பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது.

பச்சையம்மா அன்றைக்குச் செங்கத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் அடித்த மழை செருப்புத் தடங்களையெல்லாம் கரைத்துவிட்டது. மறுநாள் காலை அவள் பூங்காவுக்கே வந்துவிட்டாள்.

"டீச்சரம்மா, காட்டுல பன்னி பூந்துடுச்சு. ஒரு ஓரமே போச்சு."

பன்றி என்று கேட்டதும் காஷிஃபாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த வெட்கங்கெட்ட நிம்மதிக்காக அவள் பிறகு என்றைக்கும் தன்னை மன்னிக்கவில்லை.

"வாசம் கண்டுக்கிச்சுன்னா கூட்டமா திரும்ப வரும். இன்னும் பதினஞ்சு நாளு வேணும், கதிரு பால்லதான் கீது. இன்னா பண்றது? மாட்டுக்காச்சும் அறுத்துடலாமா? நாலும் தெரிஞ்சவங்க, நீங்க சொல்லுங்க."

சொல்லிவிட வாயெடுத்தாள். விஷயம் தெரிந்தால் விளையாட்டையே நிறுத்திவிடுவார்கள் என்று பயம்.

"உங்க இஷ்டம்க்கா," என்றாள்.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரப் பள்ளிக்கான தாளை எடுத்து ஐந்தாவது டப்பாவின் எண்களைக் கோடு போட்டு அடித்தாள். அடித்த கோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தன்னைப் போல ஒரு கோழை இந்த மலையில் இருக்கமாட்டாள் என்று தோன்றியது. வெள்ளி விடிந்ததும் விளையாட்டு நின்றாலும் நிற்கட்டும் என்று வேலிச் சந்தைத் தாண்டிப் போனாள்.

காடு மொட்டையாகக் கிடந்தது. முழுவதையும் முந்தின நாளே அறுத்துவிட்டு, பச்சையம்மா சாமைத் தாளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

காஷிஃபா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தூறல், எண்கள், பிள்ளைகள் எதையும் விடவில்லை. "பன்னி வரலைக்கா. என் தப்பு," என்று முடித்தாள்.

பச்சையம்மா ஒரு கதிரை உருவி, மணியை நகத்தால் அழுத்தினாள். பால்தான் வந்தது, அரிசி இல்லை. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"பசங்க மிதிச்சது இத்தினூண்டு, அது போனா போவுது. மீதிய நான் இல்ல அறுத்தேன்? நேத்து உங்களாண்ட வந்து கேட்டனே, டீச்சரம்மா."