இடம் மாறிய தழும்பு

படக் கம்பெனியில் அவளுக்குக் குறிப்பக்கா என்று பெயர். நாயகன் உள்ளே நுழையும்போது எத்தனை பொத்தான் மாட்டியிருந்தான், கோப்பையை எந்தக் கையில் பிடித்திருந்தான் என்றெல்லாம் எழுதிவைத்து, மூன்று வாரம் கழித்து மிச்சக் காட்சியை எடுக்கும்போது அதே மாதிரி நிற்க வைப்பது அவள் வேலை. வீட்டிலும் அதே கண்தான். "ஒரு செருப்பை இடம் மாத்திக் கழட்ட முடியலையே இந்த வீட்டுல" என்று பஸ் ஓட்டும் கணவர் அலுத்துக்கொள்வார்.

ஒரே கதையை இழுத்து இழுத்து ஏழு பாகம் எடுத்தாயிற்று. ஏழுக்கும் இவள்தான். வில்லன் இரண்டு தடவை செத்து மூன்று தடவை வந்தான். நாயகனின் தங்கை ஆறாம் பாகத்தில் அவனுக்கு அக்காள் மாதிரி ஆகிவிட்டாள். எல்லாவற்றையும் குறித்தாள், சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

தழும்பு விவகாரம் நாலாம் பாகத்தில் வந்தது. அதுவரை நாயகனுக்கு இடது கன்னத்தில் வெட்டுத் தழும்பு. புதிதாக வந்த மேக்கப்காரர் பழைய போட்டோவைப் பார்த்தார். போட்டோவில் பார்ப்பவருக்கு வலப்பக்கமாகத் தெரிந்ததால் வலது கன்னத்திலேயே ஒட்டிவிட்டார். குறிப்பக்கா ஓடிப்போய்ச் சொன்னாள். நாயகன் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம்தான் எடுப்பா இருக்கு" என்றார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். டைரக்டரிடமும் சொன்னாள்; அவர் கேமராப் பக்கம் நழுவிவிட்டார். அன்றிலிருந்து தழும்பு வலது கன்னத்தில் குடியேறிவிட்டது.

எட்டாம் பாகம் தொடங்குமுன் பழைய படங்களை மறுபடி தியேட்டரில் ஓட்டினார்கள். ரசிகர்கள் இரண்டு கன்னத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டு ஊரெல்லாம் சிரிக்க, தயாரிப்பாளர் நாயகன், டைரக்டர், கதாசிரியர் எல்லாரையும் அறையில் உட்கார வைத்துக் குறிப்பக்காவைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். தழும்பு இடம் மாறியது அவளுடைய கவனக்குறைவால் என்று அதில் அச்சடித்திருந்தது.

"கையெழுத்துப் போடுங்கம்மா. இல்லன்னா எட்டாம் பாகத்துக்கு வேற ஆள் பாத்துக்கறோம்."

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பையிலிருந்து நாலாம் பாகத்து நோட்டை எடுத்துப் பிரித்து உரக்க வாசித்தாள்.

"தழும்பு தப்பான கன்னம். மேக்கப்ல சொன்னேன். டைரக்டர்கிட்ட சொன்னேன். எடுப்பா இருக்குன்னு அண்ணன் சொல்லிட்டார்."

நாயகன் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார். டைரக்டர் கூரையை ஆராய்ந்தார். கதாசிரியர் மட்டும் துள்ளி எழுந்தார்.

"சார்! ரெண்டு கன்னம்னா ரெண்டு ஆளு! இவ்வளவு நாளா ரெட்டைப் பிறவி சார்!"

அறையே கைதட்டியது. முதல் பாகத்திலேயே இப்படித்தான் யோசித்து வைத்திருந்ததாக டைரக்டர் கூசாமல் சொன்னார். தயாரிப்பாளர் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். "நீங்களே இருங்கம்மா. நீங்க நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி."

வேலை தப்பியது. "ஜெயிச்சுட்டியே!" என்றார் கணவர். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

எட்டாம் பாகத்தின் முதல் நாள். நாயகன் மழையில் தொப்பலாக நனைந்து வாசலைத் தாண்டினார். உள்ளே அடுத்த ஷாட்டில் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு நின்றார்.

"சார், சட்டை காஞ்சிருக்கு" என்றாள்.

டைரக்டர் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "பிரமாதம்க்கா! நனைஞ்சவன் ஒருத்தன், காஞ்சவன் ஒருத்தன். பத்தாம் பாகத்துக்கு ஆகும். இதே மாதிரி நிறைய எழுதி வைங்க."

இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதை ஒரு டைரக்டர் காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான். அவளுக்கு அழுகை வந்தது.