செம்புக்குள் ஒரு குரல்

ஜானகிராமன் ஆலையில் தறி ஓட்டியவர். ஆலை மூடிய பிறகு கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் காவலுக்கு நின்றார். இப்போது முழங்கால் வலி வேலைக்கு விடுவதில்லை. கருவடிக்குப்பத்தில் வீட்டோடு இருக்கிறார். மனைவி அஞ்சலாட்சி போன வருஷம் இறந்துபோனாள். வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது என்று, மகள் சுடர்விழி மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பும்போது கைப்பேசியில் எதையாவது பாட விட்டுப் போவாள்.

அப்படி அகப்பட்டதுதான் அந்தப் பழைய வானொலி நாடகம். யாரோ ஒலிநாடாவிலிருந்து எடுத்து இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். ஆறு பாகம். விண்வெளிக்குப் போன ஒருவன் வழி தவறிப்போகிறான்; கப்பலில் அவனுக்குத் துணை ஒரு பேசும் இயந்திரம் மட்டும். கல்யாணமான புதிதில் ஜானகிராமனும் அஞ்சலாட்சியும் கேட்டது.

கதை நடப்பது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில். சுடர்விழிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இன்னாப்பா இது, நான் எட்டாவது படிச்ச வருசம். ராக்கெட்ல போறவன் தந்தி அடிக்கிறான்!"

"அப்ப தந்திதாண்டி வேகம்."

"ராக்கெட்டு சத்தம் நம்ம குக்கர் மாரியே இருக்குது."

"வாய மூடிக்கினு கேளு. அவனே மூச்சு முட்டிக்கினு கெடக்கறான்."

ஆலையில் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். பகல், மதியம், ராத்திரி. நாடகம் வருவது புதன்கிழமை சாயங்காலம். மதிய ஷிப்ட் வாரத்தில் அந்த நேரம் அவர் தறிகளுக்கு நடுவில் நின்றிருப்பார். அதனால் மூன்றாம் பாகத்தையும் ஆறாம் பாகத்தையும் அவர் வானொலியில் கேட்கவில்லை. அஞ்சலாட்சிதான் கேட்டுவைத்து, அவர் வந்து சாப்பிடும்போது சொன்னாள். ஆலையில் பாதிப் பேர் நாடகம் கேட்டது அப்படித்தான், பெண்டாட்டி வாயால்.

இயந்திரம் பேசும் இடம் வந்தால் அஞ்சலாட்சி பித்தளைச் செம்பை எடுத்து வாயருகே வைத்துக்கொள்வாள். செம்புக்குள் அவள் குரல் கனத்து வரும். "நான் முழிச்சிக்கினு இருக்கேன். நீ தூங்கு." அவனிடம் இயந்திரம் அப்படிச் சொன்னதாம். ஜானகிராமன் சோற்றில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்போது மூன்றாம் பாகத்தில் அந்த இடத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. இயந்திரம் பிராணவாயுவின் அளவைச் சொன்னது. திரும்பத் திரும்ப அதை மட்டுமே சொன்னது. பயிற்சி பெற்ற ஒரு பெண் குரல். ஒரு எழுத்து பிசகவில்லை. பாகம் முடிந்துவிட்டது.

அவள் சொந்தமாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள் என்பது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் சோற்றின் முன் உட்கார்ந்து அந்த வரியை நினைத்துப் பார்த்தபோது, வார்த்தைகள் அஞ்சலாட்சியுடையவையாகவும் குரல் வானொலிக்காரியுடையதாகவும் இருந்தன. மறுபடி முயன்றார். மறுபடியும் அதே குரல்.

"உங்கம்மா பேசனது எதுலனா இருக்குதா?" என்று மகளிடம் கேட்டார்.

சுடர்விழி தேடினாள். ஒரு கல்யாண வீடியோ இருந்தது. மேளச் சத்தத்துக்கு நடுவில் அஞ்சலாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேமராவைப் போகச் சொல்லிக் கையாட்டினாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவருமாக உட்கார்ந்து ஐந்தாம் பாகத்தைக் கேட்டார்கள். அவன் பூமிக்குத் திரும்பிவிட்டான். கப்பலில் சில மாதங்கள். இங்கே ஐம்பது வருஷம். தன் தெருவைத் தேடி நடக்கிறான். இசை.

"போதும், நிறுத்து" என்றார் ஜானகிராமன்.

"கடைசி பாகம்பா. முடிவக் கேக்காம எப்டி?"

"முடிவு எனக்குத் தெரியும். உங்கம்மா சொன்னா."

"மூணாவதையே மாத்திதான சொன்னாங்க?"

"அதுக்குத்தான் சொல்றேன். இதயும் கேட்டன்னா, அவ சொன்னது எனக்கு இருக்காது. அந்தப் பொம்பள கொரல்தான் இருக்கும்."

சுடர்விழி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "அப்ப நீ சொல்லு. அம்மா சொன்ன மாரியே" என்றாள்.

கைப்பேசி தரையில் கிடந்தது. அதில் வீட்டுமனை விளம்பரம் ஓடத் தொடங்கியது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

அவர் சமையற்கட்டுக்குப் போய்ச் செம்பை எடுத்துவந்தார். அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது, வாசலில் ஊற்றினார். "வீட்டக் கண்டுபுடிச்சிட்டான். கதவு மட்டும் பழசு. நின்னுக்கினே இருக்கான். தட்டறதுக்கு பயம்..."

டக், டக், டக்.

சுடர்விழி திரும்பி வாசலைப் பார்த்தாள். வாசல் திறந்துதான் கிடந்தது, வெயில் மட்டும் இருந்தது. விளம்பரம் முடிந்து, கைப்பேசியில் ஆறாம் பாகம் தானாகவே தொடங்கியிருந்தது.

அவன் மறுபடி தட்டினான். பதில் இல்லை. பழைய ஒலிநாடாவின் இரைச்சல் மட்டும் கேட்டது. அந்த வாரம் அஞ்சலாட்சி இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து இதைத்தான் கேட்டிருக்கிறாள். அவர் ஆலையில் இருந்தார்.

சுடர்விழி கைப்பேசியை எடுக்கக் குனிந்தாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார். கைப்பேசியில், அந்தக் கதவுக்கு உள்ளே யாரோ பேசப் போவதுபோல் மூச்சிழுக்கும் ஓசை கேட்டது. ஜானகிராமன் அவசரமாகச் செம்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"வரேன், இரு. கை ஈரம்."

அஞ்சலாட்சி சொன்ன முடிவில் கதவுக்கு உள்ளிருந்து வரும் பதில் அது. குரல் கனத்து, கிழிந்து வந்தது. சுடர்விழி சிரிக்கவில்லை.

கைப்பேசியில் அந்த வானொலிக்காரி ஏதோ சொன்னாள். அது அவர் காதில் விழாதபடி அவர் செம்புக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். வரேன், இரு. வரேன், இரு.