காத்திருப்போர் பட்டியலில் ஏழாவது பெயர்

டாயாங் சுரைனி எங்கள் கம்பெனியின் டயாலிசிஸ் இயந்திரப் பொறியாளர். சரவாக்கின் கூச்சிங்காரி. வேலை கோலாலம்பூரில். வாரம் ஒருமுறை பறந்துகொண்டிருந்ததால் விமானக் கம்பெனியின் தங்க அட்டை வைத்திருந்தாள். அலுவலகத்தில் கூட வேலை செய்யும் புஜாங் அவளை "தங்க ராணி" என்றுதான் கூப்பிடுவான். கடந்த ஒரு வருடமாக அவளைத் தலைமை அலுவலகத்திலேயே உட்கார வைத்துவிட்டோம். அட்டை தங்கத்திலிருந்து சாதாரண நீலமாக இறங்கியதை அவள் கவனிக்கவே இல்லை.

அந்தத் திங்கட்கிழமை கூச்சிங் மையத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் நின்றுபோனது. சுத்தத் தண்ணீர் இல்லாமல் பதினான்கு டயாலிசிஸ் நாற்காலிகளும் சும்மா கிடந்தன. சனி, ஞாயிறு சிகிச்சை இல்லாமல் வந்தவர்கள் கால் வீங்கி உட்கார்ந்திருந்தார்கள். அந்த இயந்திரத்துக்கான மாற்று மின்சுற்றுப் பலகையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சுரைனி விமான நிலையம் போனாள். இடிமழையில் காலை விமானம் ரத்து. அடுத்ததில் இடமில்லை. காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் நான்காவது.

அரை மணியில் அது ஏழாவதானது.

"ஏன்மா, பின்னாடி போகுது என் பேரு?"

கவுன்டரில் இருந்த ஹியூ பூய் யீ திரையைத் திருப்பிக் காட்டினாள். "தங்க அட்டைக்காரங்க வந்தா முன்னாடி போயிடுவாங்க அக்கா."

"நானும் தங்கம்தானே! ஒரு லட்சத்துக்கு மேல மைல் இருக்கு, பாரு!"

"மைல் வேற, பாயிண்ட் வேற அக்கா. இந்த வருஷம் ஏறின மைல் எல்லாம் கிரெடிட் கார்டுல வாங்கினதுக்கு வந்தது. அதை வச்சு டிக்கெட் எடுக்கலாம். அட்டைக்குக் கணக்கு வேற. நீங்களே பறந்தாதான் பாயிண்ட் ஏறும். இந்த வருஷம் ரெண்டே தடவைதான் பறந்திருக்கீங்க. அதுவும் ஊருக்கு, மைல் டிக்கெட்ல. அதுக்கு பாயிண்டே கிடையாது."

சுரைனியின் போன் அடித்தது. மையத்துத் தாதி. "எங்க இருக்கீங்க? ரெண்டு பேருக்கு மூச்சு வாங்குது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். மத்தவங்க காத்திருக்காங்க."

போனை வைத்தாள். வரிசையில் நின்று கெஞ்சிப் பயனில்லை என்று புரிந்துபோயிற்று.

"சரி, முன்னாடி போக முடியாது. இந்த மைலை வச்சு வேற எதுலயாவது இடம் வாங்க முடியுமா?"

பூய் யீ நிமிர்ந்து பார்த்தாள். விரல்கள் விசைப்பலகையில் ஓடின. "சிங்கப்பூர் வழியா ஒண்ணு இருக்கு. எங்க கூட்டாளி விமானக் கம்பெனி, பிசினஸ் வகுப்பு. தொண்ணூறாயிரம் மைல். இன்னும் ஒரே இடம்தான். பாஸ்போர்ட் இருக்கா?"

முன்பு வேலையாகப் புருணைக்கு அடிக்கடி போன பழக்கத்தில் பாஸ்போர்ட் பையிலேயே இருந்தது. ஆனால் அந்த மைல் அம்மாவை மெக்காவுக்கு உம்ரா புனிதப் பயணம் அழைத்துப் போகச் சேர்த்தது. ஒதுங்கி நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள்.

அம்மா முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "மெக்கா எங்கடி ஓடிப்போகுது? கிளம்பு முதல்ல!"

சிங்கப்பூரில் நாற்பது நிமிட இடைவெளியில் ஓடினாள். கூச்சிங்கில் இறங்கும்போது மணி நாலரை. ஆறு மணிக்குப் பலகையைப் பொருத்தி முடித்தாள். குழாயில் முதல் நீரைச் சோதித்துத் தலையாட்டியதும், தாதிகள் நாற்காலிகளை நோக்கி நகர்ந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன இருவரும் பிழைத்தார்கள் என்ற செய்தி வந்த பிறகுதான் அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்து அழுதாள்.