வடகிழக்கே பார்த்த சாயங்காலம்

"எங்க நின்னா ராக்கெட் நல்லாத் தெரியும்மா?" என்று மகள் கேட்டாள். அவள் செல்போனில் கவுண்ட்டவுன் ஓடிக்கொண்டிருந்தது. திண்டுக்கல் பஸ்ஸில் நின்றபடியே வந்த கால்கள் எனக்கு வலித்தன.

நானும் ஒருமுறை ராக்கெட் பார்க்க நின்றிருக்கிறேன். சாணார்பட்டியில் அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவோடு சண்டை போட்டுப் போன சித்தப்பா ஸ்ரீஹரிகோட்டாவில் கொத்தனாராக இருந்தார். மூன்று வருடம் கழித்து அவரிடமிருந்து முதல் கடிதம் வந்தது. புதன்கிழமை பொழுது சாய ராக்கெட் போகும், வடகிழக்கே பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

அன்று பூப்பறித்து ஓய்ந்த உடம்போடு அப்பா என்னை ஊருக்குப் பின்னாலிருந்த பாறைக்குக் கூட்டிப் போனார். இருட்டும்வரை நின்றோம். மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் கடிதத்தில் இருந்த நம்பருக்குப் பூத்திலிருந்து பேசினார் அப்பா. "தெரிஞ்சுச்சுடா. அம்புட்டு அழகா இருந்துச்சு. ஒரு எட்டு வந்துட்டுப் போடா."

பொங்கலுக்குச் சித்தப்பா வந்தார். சாப்பிடும்போது என்னிடம், "என்ன கலருல தெரிஞ்சுச்சு தாயி?" என்று கேட்டார். அப்பா சோறு பிசைவதை நிறுத்தினார்.

"மஞ்சள், சித்தப்பா" என்றேன். அப்பா மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

மகளிடம், "மொட்டை மாடிக்குப் போ, வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.