கடைசிக் காட்சியின் துணி

என் துப்பட்டாவின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்த இரண்டு விரல்கள்தான் அவரை நினைத்தால் முதலில் வருகின்றன. புனே ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஹோட்டல் வரவேற்பறையில் அவருக்காக நான் ஒரு பிரெஞ்சு வரவேற்புரையை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பாதிகூட முடியவில்லை. அனுமதி கேட்டுவிட்டு, துப்பட்டா ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்து, இதற்குக் கஞ்சி போடுவீர்களா என்று கேட்டார். பேய்ப் படங்களால் உலகத்தில் பாதி இளைஞர்களின் தூக்கத்தைக் கெடுத்த மனிதர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எங்கள் வீட்டில் பிள்ளைகளெல்லாம் வேலைக்காக ஜெர்மன் படித்தபோது, இவர் படங்களை சப்டைட்டில் இல்லாமல் பார்ப்பதற்காகவே பிரெஞ்சு படித்தவள் நான். மொழிபெயர்ப்பாளர் வேலை என் கையில் கிடைத்ததும் அதனால்தான்.

துணியைத் தொடுவது அவருக்குப் பிறந்த வீட்டுப் பழக்கம். பிரான்ஸின் வடக்கே ஒரு சின்னத் துறைமுக ஊரில் அவர் அம்மா சலவைக்கடை வைத்திருந்தார். கொல்லையில் காய்ந்த விரிப்புகளுக்கு நடுவே காற்றில் யாரோ நடப்பதாகப் பயந்து வளர்ந்த பிள்ளை, பெரியவரானதும் அந்தப் பயத்தையே படமாக எடுத்தார். அவர் படங்களில் கோரைப்பல் கிடையாது, முகமூடி கிடையாது. ஒரு வெள்ளைத் துணி, அதற்குள் ஆள் இருக்கிறதா என்ற சந்தேகம், அவ்வளவுதான். முதல் படத்துக்குக் கொட்டகையில் சிரித்தார்களாம். மூன்றாவது படத்தில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு கணினியில் பேய் செய்கிற காலம் வந்தது, தயாரிப்பாளர்கள் போனார்கள், பல வருஷம் விளம்பரப் படம் எடுத்துச் சாப்பிட்டார். பெரும்பாலும் சோப்புத்தூள் விளம்பரம். அதைச் சொல்லும்போது அவரே விழுந்து விழுந்து சிரிப்பார். இணையத்தில் தோண்டி எடுத்து அவரை மறுபடி கொண்டாடியது எங்களை மாதிரிப் பிள்ளைகள்தான். அந்தத் தெம்பில், இதுதான் கடைசி என்று சொல்லிக்கொண்டு, லோனாவ்லாவுக்கு அப்பால் ஒரு மலைக்கோட்டையின் மழைக்கால மூட்டத்தைத் தேடி வந்திருந்தார்.

கடைசிக் காட்சி எளிமையானது. இறந்துபோன பெண் மூட்டத்துக்குள்ளிருந்து நடந்து வந்து, தன் வீட்டைப் பார்த்து ஒருமுறை நின்று, திரும்பிப் போகிறாள். படம் முழுக்க அந்த ஒரு நடைக்காகத்தான் என்று எங்களிடம் சொல்லியிருந்தார். ஆனால் அவள் போர்த்தியிருக்கும் துணி அமையவில்லை. உடைப் பிரிவினர் புதுத் துணி வாங்கினார்கள், டீத்தண்ணீரில் முக்கினார்கள், கல்லில் அடித்துத் துவைத்தார்கள். எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். வருஷக்கணக்காக ஒரு பெட்டிக்குள் மடித்துக் கிடந்த துணி வேண்டும், மடிப்பு அதன் உடம்பில் ஏறியிருக்க வேண்டும், அது எதற்காகவோ காத்திருந்தது தெரிய வேண்டும் என்றார். மழை குறைந்துகொண்டே வந்தது. மூட்டம் இன்னும் சில காலைகள்தான் இருக்கும். அவர் அப்படிச் சொன்ன நிமிஷமே என் கண்முன் தேஹு ரோட்டில் பெரியம்மா வீட்டு அலமாரி வந்துவிட்டது.

பெரியம்மா ஹஜ்ஜுக்குப் போனபோது தன் கஃபன் துணியை அங்கேயே ஜம்ஜம் கிணற்றுப் புனிதத் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, மடித்துக் கொண்டுவந்தார். இறந்தபின் தன் மையித்துக்குப் போர்த்த வேண்டிய துணி. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அது ரகசியமில்லை. ஈத் சமயத்தில் அலமாரியை ஒதுங்க வைக்கும்போது, “இத மட்டும் தொடாதீங்கட்டி, இது என் கடைசி உடுப்பு” என்று சாதாரணமாகச் சொல்வார். நான் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை. போசரியில் ஒரு நிக்காஹ்வுக்கு அவர்கள் எல்லாரும் போயிருந்தார்கள், சாவி எங்கள் வீட்டில் இருந்தது. ஒரே ஒரு ஷாட், துவைத்து இரண்டு நாளில் வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று ஷேர் ஆட்டோவில் மடியில் பையை வைத்துக்கொண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்தக் காலை நடந்ததைப் போல நான் சினிமாவில் எதையும் பார்த்ததில்லை. துணியைத் தொட்டதுமே அவர் முகம் மாறிவிட்டது. நடிகை நடந்தாள். மடிப்புக் கோடுகள் மூட்டத்தில் சிலுவைக் குறிகளாக எழுந்து எழுந்து அடங்கின. கட் சொல்ல மறந்து நின்றார். பிறகு என்னிடம் வந்து, இது எங்கே கிடைத்தது என்றார். அங்கேயாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவரை அசத்த வேண்டும் என்ற வெறியில் ஹஜ், ஜம்ஜம், கஃபன் எல்லாவற்றையும் பெருமையாகக் கொட்டினேன். கேட்டு முடித்து, அந்த அம்மா உயிரோடு இருக்கிறாரா என்றார். ஆமாம் என்றேன். அவருக்குத் தெரியுமா என்றார்.

மறுநாள் அவரே துணியைக் கையில் ஏந்திக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு வந்தார். கீழ் ஓரமெல்லாம் செம்மண். நாற்காலியில் உட்கார மறுத்து நின்றபடியே பேசினார். நான் தமிழில் சொன்னேன். எடுத்தது நான் என்பதையும் சொன்னேன், அதை விட்டுச் சொல்ல முடியாதபடி அவர் பக்கத்தில் நின்றிருந்தார். பெரியம்மா வெகுநேரம் துணியையே பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, “இத உடுத்துன புள்ளைக்கு ஒண்ணும் ஆவலையே? சின்னப் புள்ளையா?” நல்லா இருக்கா என்றேன். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். “நான் ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்தேன், என் துணி சினிமாவுக்குப் போய்ட்டு வந்திருக்கு. நல்லா இருக்குளா உன் வேலை.”

இயக்குநர் ஒன்றைத்தான் கேட்டார். அந்தக் காட்சி படத்தில் இருக்கலாமா? இந்த அம்மா வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன், வேறு எதையும் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டேன். பெரியம்மா யோசித்தார். துணி மண்ணுக்குள் போகப்போவதுதானே, துவைத்தால் தீர்ந்தது என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “இருந்துட்டுப் போவட்டும்னு சொல்லு. வயசான மனுசன், மலை ஏறி எடுத்திருக்காவ” என்றார்.

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்தக் காட்சி ஊர் ஊராக ஓடும், உறவுக்காரர்கள் பார்ப்பார்கள், ஒவ்வொரு முறையும் நான் அலமாரியைத் திறந்தவளாகத் திரையில் நடந்துகொண்டே இருப்பேன் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது இல்லாமல் போய்விட்டால் நான் செய்ததும் இல்லாமல் போகும் என்று தோன்றியது. வேண்டாம் என்கிறார், ஆனால் உங்கள் மேல் கோபமில்லை என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் பெரியம்மாவின் சிரிப்பைப் பார்த்தார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார். குனிந்து வணங்கினார். பெரியம்மா அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு, டீ போடச் சொன்னார்.

மூட்டம் திரும்ப வரவில்லை. வேறு துணி வைத்து அவர் முயலவும் இல்லை. படம், முன்பே எடுத்திருந்த வெறும் மலைக் காட்சியோடு முடிந்தது. முன்பு அவரைத் தலையில் வைத்து ஆடியவர்களே, கிழவருக்கு முடிவு எடுக்கத் தெரியாமல் போய்விட்டது, பாதியில் விட்ட படம் என்று எழுதினார்கள். எங்கள் புனே சினிமாக் கூட்டத்திலும் ஒரு பையன் அதையே சொன்னான். எதற்கெடுத்தாலும் அவருக்காகச் சண்டை போடுகிற நான் அன்று டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு உண்மையை எழுதிவிடலாம் என்று பல முறை உட்கார்ந்தேன். அடுத்த குளிர்காலத்தில் அவர் இறந்துவிட்டார். கடைசிப் படம் சறுக்கியது என்றுதான் செய்தியில் போட்டார்கள்.

போன வாரம் பெரியம்மாவே படத்தைக் கேட்டார். மடிக்கணினியை அவர் கட்டிலில் வைத்து ஓடவிட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுப் படத்தையும் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் மலை வந்தது, மூட்டம் வந்தது, யாரும் வரவில்லை.

“எங்கேளா என் துணி?”

வெட்டிட்டாங்க பெரியம்மா என்றேன்.

“ஏன்? நான்தான் இருக்கட்டும்னு சொன்னேனே.” பிறகு அவரே, “அவிய மனசு கேட்டிருக்காது. நல்ல மனுசன்” என்றார்.

இப்போதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். பெயர்கள் மேலேறிக்கொண்டிருந்தன. அதில் உன் பெயர் வருமா என்று கேட்டார். வந்தது. நிறுத்தச் சொன்னார். முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்றார். மொழிபெயர்ப்பாளர் என்று போட்டிருக்கிறது என்றேன். என் பெயரை எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்துவிட்டு, சமையலறையிலிருந்த மருமகளை இந்தியில் உரக்கக் கூப்பிட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்க்கும்வரை ஓடவிடக் கூடாது என்றார். நான் ஓடவிடவில்லை.