கிழிக்காத தேதி

எனக்குச் சர்க்கரை வியாதி, மறதியும் உண்டு. அதனால் காலையில் மாத்திரை போட்டதும் தினசரி காலண்டரில் தேதி கிழிப்பதைப் பழக்கமாக வைத்திருந்தேன். வீட்டில் வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

அன்று மாத்திரையை விழுங்கும்போதே தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. குடங்களோடு ஓடினேன். திரும்பி வந்தால் காலண்டரில் நேற்றைய தேதி. ‘ஐயோ, போடவில்லையே’ என்று இன்னொன்றைப் போட்டு, தேதியையும் கிழித்துவிட்டு, சாப்பிடாமலே மறுபடி வரிசைக்குப் போனேன்.

சற்று நேரத்தில் கை நடுங்கியது. புடவை வேர்வையில் நனைந்தது. கண் இருட்டியது. பக்கத்து வீட்டு பரீதா தாங்கிப் பிடித்தாள்.

“இன்னாக்கா, இப்படி வேர்க்குது? நாஷ்டா துன்னியா, இல்லியா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவள் ஓடிப்போய்ச் சர்க்கரையை அள்ளி வந்து, தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தாள்.

தெளிந்ததும் வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையைப் பார்த்தேன். காலையில்தான் பிரித்த அட்டை. இரண்டு குழிகள் காலி. நான் விழுங்கியது காலண்டருக்கு எப்படித் தெரியும்?

இப்போது முதல் நாளே ஒரு மாத்திரையை அட்டையோடு வெட்டிக் காலண்டரில் கிளிப் போட்டு மாட்டிவிடுகிறேன். கிளிப் காலியாக இருந்தால், தேதி கிழியாவிட்டாலும் அட்டைப் பக்கம் கை போகாது. லாரி எத்தனை ஹாரன் அடித்தாலும் முதலில் இட்லி, பிறகுதான் குடம்.

– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை