ஆறு விநாடியில் அடங்கிய சரண்யாதேவி

ஒத்தக்கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இ-சேவை மையம் நடத்தும் சரண்யாதேவிக்கு முப்பத்து நான்கு வயது. கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் களையெடுத்துப் பிழைத்த குடும்பம். அதில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவள் அவள். அவளுடைய சாதிச் சான்றிதழுக்காக அப்பா சின்னான் தாலுகா ஆபீஸுக்குப் பதினோரு தடவை அலைந்தார். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் வேறொரு தாளைக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். அந்த அலைச்சலைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால், தன் கடைக்கு வருகிறவர்களிடம் எதையும் குத்துமதிப்பாகச் சொல்ல மாட்டாள். உத்தரவைத் தேடி எடுத்து, ஒருமுறை படித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

எல்லையில் எந்நேரமும் சண்டை மூளும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த ஒரு மே மாதம். திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வழக்கமாக ஐந்தாறு பேர் நிற்கும் வாசலில் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள்.

"எம்மவனுக்குப் பொறந்த தேதிய மாத்தணும்மா. ரெண்டு வயசு கொறச்சுப் போடு," என்றாள் முன்னால் நின்ற பெண்.

அவளுக்குப் பின்னால் நின்றவர், தன் மகன் ஒரே பிள்ளை என்று சான்றிதழ் கேட்டார். இன்னொருவர், மகனுக்குக் கால் ஊனம் என்று எழுதி வாங்க வழி உண்டா என்றார். அந்த மகன் பக்கத்திலேயே பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தான்.

விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. மதுரையின் உள்ளூர் சேனல் ஒன்று முந்தின நாள் மாலையிலிருந்து சிவப்பு எழுத்தில் ஓட்டிக்கொண்டிருந்தது: 'வீட்டுக்கு ஒரு இளைஞர் ராணுவத்துக்கு? விரைவில் கட்டாய ஆள்சேர்ப்பு?' யார் சொன்னது, எப்போது சொன்னது, ஒன்றும் இல்லை. தகவல் வெளியாகியிருக்கிறதாம், அவ்வளவுதான். பின்னணியில் பீரங்கி முழங்கியது.

சரண்யாதேவி அரசு இணையதளங்களை ஒன்றுவிடாமல் துழாவினாள். தெரிந்த அதிகாரிகள் இரண்டு பேருக்குப் போன் போட்டாள். அப்படி ஒரு உத்தரவே கிடையாது. பெரிய எழுத்தில் அச்சடித்து வாசலில் ஒட்டினாள்: 'கட்டாய ராணுவச் சேர்ப்பு என்று எந்த உத்தரவும் இல்லை. இதற்காக யாரும் விண்ணப்பிக்க வேண்டாம்.'

"டிவிக்காரனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?" என்றார் ஒருவர்.

"அண்ணே, உத்தரவு இருந்தா நானே காட்டிர மாட்டேனா? இல்லாததுக்கு நான் எங்க போறது?"

"எழுதித் தர இஷ்டமில்லன்னா சொல்லிட்டுப் போ. வேற கடையா இல்ல?" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் பின்னால் பத்துப் பேர் போனார்கள்.

பதினோரு மணிக்கு அதே சேனலிலிருந்து பாலமுரளி என்ற நிருபர் கேமராவோடு வந்து இறங்கினார். சரண்யாதேவிக்கு உள்ளூர ஒரு நிம்மதி. நாம் கத்துவதை இவர்கள் ஒரு தடவை சொன்னால் போதுமே என்று நினைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நான்கு நிமிடம் பேசினாள். "காலையில இருந்து கூட்டம் நிக்குது. பிறந்த தேதியை மாத்தணும்னு கேக்குறாங்க. ஆனா இது வெறும் வதந்தி, யாரும் பயப்பட வேண்டாம்" என்று தொடங்கி, எங்கே தேடினாள், யாரிடம் கேட்டாள், வயதைத் திருத்தினால் பிள்ளையின் படிப்புக்கும் வேலைக்கும் என்னென்ன சிக்கல் வரும் என்பதுவரை நிதானமாகச் சொன்னாள்.

மாலையில் ஒளிபரப்பானது ஆறு விநாடி. "காலையில இருந்து கூட்டம் நிக்குது. பிறந்த தேதியை மாத்தணும்னு கேக்குறாங்க." அதோடு வெட்டிவிட்டார்கள். 'கட்டாய ராணுவம்: ஒத்தக்கடையில் அலைமோதும் பெற்றோர்' என்று தலைப்பு. வதந்தியால் வந்த கூட்டம், அந்த வதந்திக்கே சாட்சியாகிவிட்டது. கூட்டத்துக்கு நடுவே அவள் முகம்.

செவ்வாய்க்கிழமை மேலூர், பரவை என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். ரேஷன் கார்டுக்கும் வருமானச் சான்றுக்கும் வந்தவர்கள் உள்ளே நுழையவே முடியவில்லை. பாலமுரளிக்கு ஏழு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் 'இல்ல, இல்ல' என்று சொல்லியே தொண்டை கட்டிக்கொண்டது. தம்பியிடம் பேச வேண்டும் என்று இரண்டு முறை நினைத்தாள், முடியவில்லை.

தம்பி அழகுபாண்டிக்கு இருபத்து மூன்று வயது. போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். புதன்கிழமை காலை மதுரையில் உடல்தகுதித் தேர்வு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். இரண்டு வருடமாகக் கண்மாய்க்கரையில் ஓடி ஓடி ஐந்தரை நிமிடத்துக்கு வந்திருந்தான்.

புதன்கிழமை மத்தியானம்தான் அவளால் போன் போட முடிந்தது. "எம்புட்டு நேரத்துல ஓடுன?" என்றாள் ஆவலாக.

எதிர்முனையில் தையல் மெஷின்களின் இரைச்சல். "அக்கா, நான் திருப்பூர்ல இருக்கேன்."

"திருப்பூர்லயா? அங்க என்னடா பண்ற?"

"நேத்தே வந்துட்டேன். ஒடம்பு அளந்து தேறுனவுங்களத்தான் ராணுவத்துக்கு மொத லிஸ்டுல எடுக்கப் போறாங்களாம். பசங்க எல்லாரும் சொன்னாங்க."

"எவன்டா சொன்னான்? எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

"நீதானக்கா டிவியில சொன்ன. அப்பா பாத்துட்டு, என் மகளே சொல்லுது, இனிமே என்ன யோசனைன்னு பஸ் ஏத்தி விட்டாரு."

வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடையை இழுத்துப் பூட்டிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

சேனல் அலுவலகத்தில் குளிரூட்டிய அறையில் ஆசிரியர் ராஜகுரு உட்காரச் சொன்னார், டீ சொன்னார். அவள் உட்காரவில்லை.

"நாங்க அப்படி நடக்கும்னு சொல்லவே இல்லையேம்மா," என்றார். "பாருங்க, கேள்வியாத்தான் போட்டிருக்கோம்."

"என் பேச்சைப் பாதியில வெட்டுனீங்களே சார், அதுவும் கேள்வியா? என் தம்பி ரெண்டு வருசம் ஓடுனான். இன்னைக்குப் போய் நிக்கல. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"அவர் வதந்தியை நம்பினதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?" அவர் உண்மையிலேயே வியந்து கேட்ட மாதிரி இருந்தது. மறுப்புச் செய்தி போட்டுவிடுவதாகச் சொல்லி அனுப்பினார்.

போடவும் செய்தார்கள். மறுநாள் மத்திய அரசே அப்படி எந்தத் திட்டமும் இல்லை என்று அறிவித்ததும், 'கட்டாய ராணுவம்: பின்வாங்கியது அரசு?' என்று அதையும் பீரங்கிச் சத்தத்தோடு ஓட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை பாலமுரளி தனியாக வந்தார். கேமரா இல்லை. "மேடம், நான் முழுசாத்தான் அனுப்புனேன். வெட்டுனது அங்க. நான் சத்தம் போட்டிருக்கணும், போடல," என்று சொல்லி, அந்த நான்கு நிமிடத்தையும் அவள் போனுக்கு அனுப்பினார். அவரை அவள் திட்டவில்லை, நன்றியும் சொல்லவில்லை. வீடியோவைத் தெரிந்த குழுக்களிலெல்லாம் போட்டாள். முந்நூறு பேர் பார்த்தார்கள். ஆறு விநாடியை இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

தேர்வுக் குழுவுக்கு அவள் எழுதிய மனுவுக்கு, வராதவர்களுக்கு மறுவாய்ப்புக் கிடையாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அழகுபாண்டி ஊர் திரும்பினான். அடுத்த தேர்வுக்கு வயது இருக்கிறது, ஆனால் எழுத்துத் தேர்விலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அக்காவின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு அவன் ஒத்தக்கடைப் பக்கமே வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தாயி, அடுத்த மாசத்துல இருந்து போனுக்கெல்லாம் அரசாங்கமே பூட்டுப் போடப் போகுதாமே? நெசமா?"

"யாருப்பா சொன்னா?"

"இப்பத்தான் ஓடுது."

"அந்த டிவியை மொதல்ல அமத்துங்கப்பா."

"அமத்திட்டேன் தாயி," என்றார் அவர். அவர் குரலுக்குப் பின்னால் செய்தி வாசிக்கும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.